உறங்கும் முட்டையை எழுப்புவது எது?



இன்று காலை ஏற்காட்டு மலையிலுள்ள சேர்வராயன் கோயிலுக்குப் போய்வந்தேன். குனிந்து நுழைந்தால் குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். அங்கே நின்றபோதும் இந்த அரங்கின் கேள்விதான் மனதில் ஓடியது: உறங்கும் முட்டையை எழுப்புவது எது?

ஓர் உயிரைத் தொடங்கி வைக்கத் தேவையான அனைத்தையும் சேர்த்துக்கொண்டு முட்டை காத்திருக்கிறது. மீன் முதல் மனிதர் வரை அது கண்விழிப்பது கால்சியத்தால்தான். 1977-78-இல் ரிட்ஜ்வே, கில்கி, ஜாஃபே குழுவினர், கால்சியம் பட்டால் ஒளிரும் ஜெல்லி மீன் புரதத்தை மெடாக்கா மீன் முட்டைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். விந்தணு நுழைந்த முனையில் கிளம்பிய ஒளி அலையாக மறுமுனை வரை ஓடியது. கருவுறுதலின் முதல் நொடிகளை மனிதர் இப்படிக் கண்ணால் கண்டதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

கால்சியம் எல்லாவற்றுக்கும் பொதுதான். எழுப்பும் கைகள் வேறு வேறு. எலியின் விந்தணு, பாஸ்போலிபேஸ் சி சீட்டா என்ற நொதியை முட்டைக்குள் கொட்டுகிறது. 2002-இல் வெளிவந்த கண்டுபிடிப்பு இது. அந்த நொதி கிளப்பும் கால்சியம் ஒருமுறை ஏறி ஓய்வதில்லை, மணிக்கணக்கில் ஏறி இறங்குகிறது. தவளை முட்டையில் ஒரே ஓர் அலை. அதற்கு ஊசிமுனையே போதும் என்று பத்தேயோன் 1910-இல் காட்டினார். அவர் குத்திய முட்டைகளில் சில, தகப்பனில்லாத தலைப்பிரட்டைகளாயின. சீப்ரா மீனின் முட்டை தண்ணீர் பட்டாலே விழித்துக்கொள்ளும். காடை முட்டைக்கோ ஒரு விந்தணு போதாது. பறவை முட்டைக்குள் பல விந்தணுக்கள் நுழைகின்றன. சீட்டாவோடு வேறு இரண்டு நொதிகளும் சேர்ந்தால்தான் வளர்ச்சி முழுமையாகத் தொடங்குகிறது. அவை இரண்டும் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சாதாரண வேலையாட்கள். இயற்கை கையில் கிடைத்ததைக் கொண்டே கதவைத் தட்டுகிறது.

நம் பாடநூல்களில் இந்த அதிகாரம் எலி, தவளை, மீன் போன்றவற்றை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. ஊர்வன பற்றிய பக்கம் மெலிந்து கிடக்கிறது. ஏற்காட்டின் பெயரையே தாங்கிய பல்லியினம் ஒன்று 2000-இல் அறிவியலுக்கு அறிமுகமானது. இதே மலையின் மண்ணுக்குள் குட்டி போடும் கேடயவால் பாம்பு வாழ்கிறது. மாணவர்களே, அந்தப் பக்கத்தை எழுத நீங்கள் வெளிநாடு போக வேண்டியதில்லை.

மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. 1992 முதல் ஒரே விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் குழந்தை பெறவைக்கிறோம். ஊசி சரியாக இறங்கியும் சில முட்டைகள் விழிப்பதில்லை. அப்படிச் சிகிச்சை தோற்ற ஆண்கள் சிலரின் விந்தணுவில் சீட்டா நொதி பழுதாக இருந்தது கண்டறியப்பட்டிருக்கிறது. அத்தகைய தம்பதியருக்கு, கால்சியத்தை உள்ளே விடும் மருந்தால் முட்டையை எழுப்பி, பிள்ளை பிறந்ததும் உண்டு. ஆனால் நம் ஊரில் சிகிச்சை தோற்றால் தலைகுனிந்து வெளியே வருபவள் பெண். மலடி என்ற சொல் இன்னும் நம் தெருக்களில் சாகவில்லை. அறிக்கையில் 'முட்டை சரியில்லை' என்று எழுதப் பேனா எடுக்குமுன், விந்தணுவையும் சோதித்துவிட்டு எழுதுங்கள். அந்தத் தம்பதியை ஒன்றாக உட்காரவைத்து, இருவருக்கும் கேட்கும்படி முடிவைச் சொல்லுங்கள்.