மாவரைக்கும் யந்திரத்தை யார் தொடலாம்?

(திருப்பூரில் பனியன் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பஞ்சப்படியும் அல்ல, போனஸும் அல்ல. நம் வீட்டு மூலையில் நிற்கிறதே மிக்ஸி, கிரைண்டர், அவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறோம். "இதற்கும் ஒரு கூட்டமா?" என்று சில தோழர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். ஆனால் அந்த யந்திரத்தை யார் தொடலாம், யார் தொடக் கூடாது, யார் தொட்டே தீர வேண்டும் என்று நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டத்தால் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்று கணக்குப் பார்க்க வேண்டாமா?

முதலில் யந்திரம் வந்த கதையைப் பார்ப்போம். 1932இல் பைகாரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரத்தின் பலத்தில்தான் கோவை வட்டாரத்தில் பஞ்சாலைகள் பெருகின. ஆலையில் கதிர் மின்சாரத்தில் சுழன்றது. தொழிலாளி வீட்டில் குழவி பெண்ணின் கையில்தான் சுழன்றது. 1955இல் கோவையில் சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரைச் செய்தார். ஓட்டல்காரரும் வசதி படைத்தவரும் வாங்கினார்கள். நம் தாய்மார்கள் ஆட்டுக்கல்லின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். 2011 செப்டம்பர் 15ஆம் தேதி, மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுக்கும் திட்டத்தைத் தமிழக சர்க்கார் தொடங்கியது. அரிசி அட்டைக் குடும்பங்களில் பலவற்றுக்கு அப்போதுதான் கிரைண்டர் வந்தது. மேல்தட்டுக்காரர்கள் இதை "இலவசம்" என்று ஏளனம் செய்தார்கள். ஆட்டுக்கல்லில் தோள்பட்டை தேய்ந்தவர்கள் ஏளனம் செய்யவில்லை.

சரி, யந்திரம் வந்தது. ஒரு மணி நேரம் கையால் ஆட்டிய மாவு தானே அரைபடுகிறது. மிச்சமான நேரம் யாருக்குப் போயிற்று? அந்தத் தாய்க்கா போயிற்று? எண்பதுகளுக்குப் பிறகு ஏற்றுமதி வளர வளர, பெண்கள் ஆயிரக்கணக்கில் பனியன் கம்பெனிக்குள் வந்தார்கள். கைமடி, செக்கிங், பிறகு மிஷின். ஒன்றரை ஷிப்ட் என்றால் என்ன என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் வெளியே வர இரவு எட்டு மணிக்கு மேலாகிறது. கிரைண்டர் மிச்சப்படுத்திய நேரத்தைக் கம்பெனி வாரிக்கொண்டது. இரவு வீடு திரும்பியதும் கிரைண்டரைப் போடுகிறவளும் அவளேதான்.

இந்த யந்திரத்துக்கு மூன்று பூட்டுகள் இருக்கின்றன.

முதல் பூட்டு, லைன் வீட்டு உரிமையாளர் போடுவது. "கிரைண்டர் போடாதே, கரண்டு அடுப்பு வைக்காதே, பில் ஏறுகிறது" என்று நிபந்தனை. அல்லது தனியாக ஒரு மீட்டரை மாட்டி, யூனிட்டுக்குத் தன் இஷ்டம்போல் விலை வைத்து வசூல். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016இல் சர்க்கார் அறிவித்தது. பத்துக் குடித்தனத்துக்கு ஒரே இணைப்பு இருந்தால் அந்தச் சலுகை குடியிருப்பவனை எப்படி வந்து சேரும்? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்கிறது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். ஆனால் தனியாக ஒரு குடித்தனக்காரன் போய் நின்றால், மறுநாள் வீட்டைக் காலி செய் என்பார்கள். லைன் முழுதும் சேர்ந்து நின்றால் அப்படிச் சொல்ல முடியுமா?

இரண்டாவது பூட்டு, வீட்டுக்குள் இருப்பது. மருமகள் சீராகக் கொண்டுவந்த மிக்ஸி அட்டைப்பெட்டியோடு பரண்மேல் கிடக்கிறது. "உன் கை பட்டால் கெட்டுப்போகும்" என்று மாமியார் சொல்லுகிறார். மாதவிலக்கு நாட்களில் அடுக்களைப் பக்கமே வராதே என்று இன்னொரு தடை. ஆனால் அதே நாட்களில் அவள் கம்பெனியில் மிஷினைத் தொட்டால் தீட்டு இல்லை! கூலி வருகிற இடத்தில் தீட்டு ஓடி ஒளிந்துகொள்ளுகிறதே, இது என்ன சாஸ்திரம்? பெண்ணுக்குச் சீராக வந்த பொருள் அவளுடைய சொந்தச் சொத்து என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாமியார்மார்களையும் நாம் பகைவர்களாகக் கருதவில்லை. ஆயுள் முழுதும் அந்த அடுக்களை ஒன்றைத்தான் அவர்களுக்கு அதிகாரமாகக் கொடுத்திருந்தோம். அதன் சாவியை விட அவர்களுக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது பூட்டுதான் பெரியது. அதைப் போட்டவர்கள் ஆண் தோழர்களாகிய நாமே. "இது பொம்பளை வேலை, ஆம்பளை தொடக் கூடாது" என்கிறோம். பகலெல்லாம் ஓவர்லாக், பிளாட்லாக் ஓட்டுகிறோம். ஊசி உடைந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுகிறோம். பல்லடத்திலும் சோமனூரிலும் தறி நின்றால் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லுகிறோம். இவ்வளவு கெட்டிக்காரனுக்கு இரண்டு கல்லும் ஒரு சுவிட்சும் உள்ள கிரைண்டர் மட்டும் புரியாதாம்!

இது இயற்கை அல்ல என்பதற்குச் சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. கலியாணச் சமையலுக்கு வருகிறவர் ஆண். ஓட்டலில் மாஸ்டர் ஆண். மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்து, அறை எடுத்துத் தங்கியிருக்கும் வாலிபர்கள் தாங்களே பொங்கித் தின்கிறார்கள். கலியாணம் ஆன மறுநாளே அந்தக் கை எப்படி முடமாகிறது? கூலி உள்ள இடத்தில் சமையல் ஆணின் தொழில். கூலி இல்லாத இடத்தில் அது பெண்ணின் கடமை. இதுதான் இந்தச் சட்டத்தின் அந்தரங்கம்.

மத்திய சர்க்காரே எடுத்த கணக்கைப் பாருங்கள். 2019ஆம் ஆண்டு நேரக் கணக்கெடுப்பின்படி, ஒரு நாளில் வீட்டு வேலை செய்கிறவர்கள் பெண்களில் 100க்கு 81 பேர், ஆண்களில் 100க்கு 26 பேர். அப்படிச் செய்கிற பெண்ணுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவாகிறது. ஆணுக்கு 97 நிமிடம். ஐந்தாண்டு கழித்து, 2024இல், பெண்ணுக்கு 289 நிமிடம், ஆணுக்கு 88 நிமிடம். ஆணுடைய பங்கு உயரவில்லை தோழர்களே, ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது!

இதில் முதலாளிக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். தொழிலாளி தினமும் எட்டரை மணிக்குக் குளித்து, உண்டு, டப்பாவில் சோற்றோடு கம்பெனி வாசலில் நிற்கிறான். அந்தச் சோற்றுக்குப் பின்னால் உள்ள உழைப்புக்கு முதலாளி ஒரு பைசா கொடுப்பதில்லை. அதைக் கடையில் வாங்கித் தின்ன வேண்டுமானால், இப்போதைய கூலி ஒரு வாரத்துக்குக் காணாது. ஆக, மனைவியின் கூலியில்லா உழைப்பு கணவனின் கூலியைக் குறைவாக வைத்திருக்க முதலாளிக்கு உதவுகிறது. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், மனைவி வீட்டில் செய்த வேலையும் குடும்பச் சொத்துச் சேர்வதற்குச் செய்த பங்குதான் என்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் ஒப்புக்கொண்டதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டாமா?

1919இல் லெனின், சில்லறை வீட்டு வேலை பெண்ணை நசுக்குகிறது என்று எழுதி, பொது உணவுச்சாலையையும் குழந்தைகள் காப்பகத்தையும் புதிய சமுதாயத்தின் முளைகள் என்று வர்ணித்தார். கியூபாவில் 1975இல் வந்த குடும்பச் சட்டம், வீட்டு வேலையில் கணவனும் மனைவியும் பங்குகொள்ள வேண்டும் என்று எழுதியே வைத்தது. சட்டத்தினால் மட்டும் எல்லாம் மாறிவிடாது. ஆனால் நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறக்கூடிய விஷயம், சிரித்துத் தள்ளுகிற விஷயம் அல்ல.

"என் வீட்டுக்காரியே என்னை உள்ளே விடுவதில்லை" என்று சில தோழர்கள் சொல்லுகிறார்கள். ஏன் விடுவதில்லை? ஜாரில் அளவுக்கு மேல் போட்டு மோட்டாரைப் புகைய விட்டால், ரிப்பேருக்குப் பணம் தேட வேண்டியவள் அவள். கற்றுக்கொண்டு தொடுங்கள், விடுவாள். கைமடியாக வந்த நாம் மிஷினைப் பார்த்துப் பழகித்தானே டைலர் ஆனோம்? சிறு குழந்தைகளை மட்டும் யந்திரத்தின் அருகே விடக் கூடாது. கை வெந்துபோகும், விரல் போகும். அந்த ஒரு தடை நியாயமானது. வயது வந்த பிறகு பெண்ணுக்குக் கற்றுக்கொடுப்பதைப் பையனுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை நான்கு. ஒன்று, ஒவ்வொரு லைனிலும் குடித்தனக்காரர்கள் ஒன்றுகூடி, தனி மின் இணைப்பும் சர்க்கார் கட்டணமும் கோர வேண்டும். இரண்டு, வாரத்தில் மாவரைப்பதும் பாத்திரம் கழுவுவதும் யார் யார் முறை என்று வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டும். மூன்று, ஒன்றரை ஷிப்டை ஒழித்து, எட்டு மணி நேரத்துக்கு வாழத் தகுந்த கூலி கேட்க வேண்டும். நான்கு, பஞ்சாலை, பனியன் வட்டாரங்களில் மலிவான பொது உணவகமும் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்று போராட வேண்டும்.

1984இல் பஞ்சப்படிக்காக இந்த ஊர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது. அத்தனை நாளும் அடுப்பை அணையாமல் காத்தவர்கள் யார்? அந்தத் தாய்மார்கள் அடுத்த போராட்டத்தில் கூட்டத்துக்கு வர வேண்டும், பேச வேண்டும், தலைமை தாங்க வேண்டும் என்று அழைக்கிறோம். மாலை ஆறு மணிக் கூட்டத்துக்கு அவர்கள் வர வேண்டுமானால், அந்த நேரத்தில் வீட்டில் கிரைண்டர் பக்கத்தில் யாராவது நின்றாக வேண்டும். அது நாமாக இருக்கட்டும் தோழர்களே!