ஐந்தாமவரின் மதிப்புரை



தலைமை உரை ஆற்றும்படி அழைப்பு வந்த நாளிலிருந்து மகிழ்ச்சியும் தயக்கமும் சேர்ந்தே இருந்தன. என் ஆசிரியர்கள் அமர்ந்த நாற்காலி இது. அவர்கள் முன்னால் சொல்லத் துணியாத ஒன்றை இன்று இங்கே சொல்லப்போகிறேன் என்பதால் தயக்கம் கொஞ்சம் கூடுதல்.

பல்துறை நூல்களை மதிப்பிடுவதும் கண்டடைவதும் என்பது இந்தக் கருத்தரங்கின் பொருள். நாவல், கவிதை, சிறார் நூல், அறிவியல், துப்பறியும் கதை என்று அமர்வுகளை அழகாகப் பிரித்திருக்கிறார்கள். வ.வே.சு. ஐயரில் தொடங்கி, 'ரசமட்டம்' என்ற பெயரில் புதுமைப்பித்தன் நடத்திய சண்டை, க.நா.சு.வின் பட்டியல்கள், 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து', கைலாசபதியின் நாவல் ஆய்வு என்று வளர்ந்த விமர்சன வரலாறு இந்த அவைக்குத் தெரிந்தது. அதை மறுபடி அடுக்கி உங்கள் நேரத்தை எடுக்கமாட்டேன். அந்த வரலாற்றின் தொடக்கத்தைப் பற்றித்தான் எனக்கு ஒரு வழக்கு உண்டு.

தமிழில் மதிப்புரை எங்கே தொடங்குகிறது? வ.வே.சு. ஐயரிடம் என்பார்கள் ஒரு சாரார். அதற்கும் முன்பு, நூலின் முகப்பில் அச்சிட்ட சாற்றுகவிகளில் என்பார்கள் மற்றொரு சாரார். இரண்டையும் மதிக்கிறேன். என் விடை வேறு. 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டத்தில் தொடங்குகிறது என்பது என் விடை.

அச்சகங்களையும் புத்தகங்களையும் பதிவு செய்யும் அந்தச் சட்டத்தின்படி, அச்சான நூலின் படிகளை அச்சிட்டவர் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். வந்த நூல்களின் விவரத்தைப் பதிவேட்டில் ஏற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசிதழில் வெளியிட வேண்டும். சென்னை மாகாணத்தில் அது ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஜட்டின் இணைப்பாக வந்தது. நூற்பெயர், மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட இடம், அச்சகத்தார், வெளிவந்த நாள், பக்கம், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை படி, அச்சா கல்லச்சா, விலை, உரிமை யாருடையது என்று பதினான்கு விவரங்களைச் சட்டமே கேட்டது. பிற்பாடு குறிப்பு என்று ஒரு பத்தியும் சேர்ந்தது. நூல் எதைப் பற்றியது என்று ஒருவர் படித்துப் பார்த்து ஓரிரு வரியில் எழுதிய பத்தி அது. என் வழக்கு முழுவதும் அந்தப் பத்தியைப் பற்றியது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் இதைத் தொட்டுப் பேசினேன். மூத்த ஆய்வாளர் ஒருவர் எழுந்து, "அது வேவு பார்த்த கணக்கு. அதைப் போய் மதிப்புரை என்கிறீர்களே" என்று கேட்டார். அன்று என்னிடம் முழுமையான பதில் இல்லை. பெயர் வேண்டாம். கேள்வி நியாயமானது, இன்றும் பதிலுக்கு உரியது.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. 1857 கிளர்ச்சிக்குப் பின் உள்ளூர் மொழிகளில் என்ன அச்சாகிறது என்று அரசு அஞ்சியது. வங்காள நூல்களுக்கு 1855இல் பட்டியல் போட்ட ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியாரே, 'நீல தர்ப்பண்' நாடகத்தின் மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக 1861இல் சிறை சென்றார். பட்டியலும் சிறையும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. இந்தியப் பதிவேடுகளை ஆராய்ந்த ராபர்ட் டார்ன்டனும் அவற்றைக் கண்காணிப்பின் வரலாறாகவே எழுதினார். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆவணம் எதற்காக எழுதப்பட்டது என்பது ஒரு கேள்வி. அதில் என்ன எழுதப்பட்டது என்பது வேறு கேள்வி. நிலவரிக்காக எழுதிய கணக்கைக் கொண்டு ஊர்களின் வரலாற்றை எழுதுகிறோம். கோயிலுக்கு விட்ட தானத்தைச் சொல்லும் கல்வெட்டில் நீர்ப்பாசனத்தைப் படிக்கிறோம். புத்தகப் பதிவேட்டுக்கு மட்டும் அந்த உரிமை ஏன் இல்லை?

இன்னொரு மறுப்பும் வரும். பதிவேட்டுக்கு முன்பே, 1865இல், ஜான் மர்டாக் அச்சான தமிழ் நூல்களை வகைப்படுத்திக் குறிப்புகளோடு அட்டவணை வெளியிட்டாரே, அதை ஏன் முதலில் வைக்கவில்லை என்பார்கள். மர்டாக்குக்குத் தமிழ் நூலியல் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அவர் மிஷனரிப் பணிக்குப் பயன்படும்படி தேடினார். அவர் கண்ணுக்குப் பிடித்த நூல், பிடிக்காத நூல் என்று இரண்டு வகை இருந்தன. பதிவேட்டை எழுதியவருக்கு அந்த வசதி இல்லை. மேசைக்கு வந்ததையெல்லாம் எழுதியாக வேண்டும். தல புராணமும் கணக்கு வாய்பாடும், வைத்திய நூலும் கொலைச்சிந்தும், பஞ்சாங்கமும் சமயக் கண்டனமும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நின்றன. எல்லா வகை நூலையும் ஒரே அளவுகோலால் தொடர்ந்து விவரித்த முதல் எழுத்து இதுதான் என்பது என் முடிவு.

மதிப்புரை எதைச் சொல்ல வேண்டும் என்று பார்க்க, இப்போது நன்னூல் எழுதிய பவணந்தியாரிடம் வருகிறேன். நன்னூலின் பாயிரப் பகுதியை இங்கே எல்லோரும் பாடம் கேட்டிருக்கிறோம். ஒரு நூலுக்கு எழுதும் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்கிறது அது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு. பெயரில் 'சிறப்பு' இருக்கிறதே தவிர, இந்தப் பட்டியலில் நூல் நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே இல்லை. யார் எழுதினார், எதைத் தழுவி எழுதினார், எதுவரை வழங்கும், எதைப் பற்றியது, யாருக்கானது, படித்தால் என்ன கிடைக்கும் என்பதைச் சொன்னால் போதும். விவரமே நம் மரபில் முதல் மதிப்பு.

பதிவேட்டின் பத்திகளையும் பாயிரத்தின் எட்டையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள். பெயரும் பொருளும் ஆசிரியரும் இரண்டிலும் உண்டு. பாயிரம் கேட்போரையும் பயனையும் கேட்கிறது, விலையைக் கேட்பதில்லை. பதிவேடு விலையையும் படிகளின் எண்ணிக்கையையும் கேட்கிறது, கேட்போரைக் கேட்பதில்லை. ஆனால் விலையும் எண்ணிக்கையும் சேர்ந்தால் கேட்போர் தாமாகவே தெரிந்துவிடுகிறார்கள். சில காசு விலையில் எட்டுப் பக்கச் சிந்து ஒன்று திரும்பத் திரும்பப் பதிப்புக் கண்டால், அதை வாங்கியவர் யார் என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மலிவு விலைக் குஜிலிக்கடைப் பாட்டுப் புத்தகங்களை ஆ.இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று நம் முன் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தத் தெருவுக்கு வழி காட்டும் தடங்கள் இது போன்ற பத்திகளில்தான் கிடக்கின்றன.

நன்னூல் இன்னொன்றும் சொல்கிறது. சிறப்புப் பாயிரம் எழுதத் தகுந்தவர் நால்வர்: நூலாசிரியனின் ஆசிரியர், அவனோடு கற்றவர், அவன் மாணாக்கர், தகுதி வாய்ந்த உரைகாரர். நால்வரும் நூலுக்கு உறவினர்கள். இந்த விதி தவறென்று நான் சொல்லவில்லை. ஓலைச்சுவடிக் காலத்தில் ஒரு நூலை அறிந்தவர் அந்த நால்வரே. ஆனால் அச்சு பரவி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் மதிப்புரைகள் அதே நால்வர் கையில் இருப்பதுதான் என் வருத்தம். இதழ்களில் வரும் மதிப்புரைகளைப் பாருங்கள். கவிஞர் நூலுக்குக் கவிஞர் எழுதுகிறார். வழிகாட்டிய பேராசிரியர் நூலுக்கு மாணவர் எழுதுகிறார். நூல்கள் உறவுக்குள்ளேயே சுற்றுகின்றன. உறவில்லாத நூலுக்கு யார் எழுதுவார்?

பதிவேட்டில் எழுதியவர் ஐந்தாமவர். அவர் ஆசிரியரும் இல்லை, உடன் கற்றவரும் இல்லை, மாணவரும் இல்லை, உரைகாரரும் இல்லை. நூலுக்கு அவர் அந்நியர். அதனாலேயே அவர் எழுத்தை நம்பிப் படிக்க முடிகிறது. அவர் குறைகளும் எனக்குத் தெரியும். படிகளின் எண்ணிக்கை அச்சகத்தார் சொன்ன கணக்கு. ஒப்படைக்காத நூல் பட்டியலில் ஏறாது. தெருவில் விற்ற சிறு புத்தகங்கள் பல அப்படித்தான் தப்பியிருக்கும். பொருள் பிரிப்பில் அரசின் பார்வை உண்டு. இவற்றையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சுவது பெரிது.

க.நா.சு.வைப் பற்றி ஒரு சொல். அவரைக் குறை சொல்வது இப்போது எளிது, நான் அதைச் செய்யமாட்டேன். 'படித்திருக்கிறீர்களா?' என்ற தலைப்பிலேயே கண்டடைதல் இருக்கிறது. மறந்துபோன நாவல்களை எடுத்துத் தமிழ் வாசகர் கையில் அவர் வைத்தார். என் மாறுபாடு அவருக்குப் பின் வந்த நம்மோடு. அவர் தரம் என்று சொன்னதை நாம் வேலியாக்கிவிட்டோம். வேலிக்குள் நாவல், சிறுகதை, கவிதை. வேலிக்கு வெளியே, ஜனரஞ்சக எழுத்தாளர்களான வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார், வை.மு. கோதைநாயகி, தமிழ்வாணன். இன்னும் தள்ளி, கண்ணுக்கே தெரியாத தொலைவில், பெ.நா. அப்புசாமியின் அறிவியல் கட்டுரைகள், கால்நடை வைத்தியம், சமையல்.

சமையல் என்றதும் என் அனுபவம் ஒன்று. இளம் வயதில் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' நூலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி ஓர் இலக்கிய இதழுக்கு அனுப்பினேன். "இலக்கியம் சார்ந்து எழுதி அனுப்புங்கள்" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. அந்த வரியை இன்று வரை நான் ஏற்கவில்லை. 1951இல் வந்த அந்த நூலைப் பாயிரத்தின் எட்டுக்குள் வைத்துப் பாருங்கள். வழி: தாயும் மாமியாரும் வாய்மொழியாகச் சொன்னது. எல்லை: தமிழ்ப் பிராமண வீட்டுச் சைவச் சமையல். கேட்போர்: சொல்லித்தரப் பெரியவர்கள் அருகில் இல்லாமல் குடித்தனம் தொடங்கும் பெண். பயன்: கைப்பழக்கமாக இருந்ததை அளவாக மாற்றியது. நாட்டில் மெட்ரிக் முறை வருமுன் ஆழாக்கில் அளந்த அந்த நூல், தமிழ் உரைநடை ஒரு செயலை எப்படிப் படிப்படியாக விளக்கும் என்பதற்கும் சான்று. உரைநடை வளர்ச்சி பற்றி எத்தனையோ நூல்கள் எழுதினோம். அவற்றில் இதற்கு ஒரு பத்தி கொடுத்திருக்கலாம்.

ஐந்தாமவரின் வேலையைத் தனியாளாகச் செய்தவர்கள் நம்மிடையே உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா எழுத்துப் பலகை வரைந்து பிழைத்தவர். நாவலையும் நாடக நோட்டீஸையும் திருமண அழைப்பிதழையும் ஒரே அக்கறையோடு சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரில் நிற்கும் நூலகத்தில்தான் நம்மில் பாதிப்பேர் ஆய்வு செய்தோம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த பின், பட்டியல் என்பது உயிர் காக்கும் வேலை என்று ஈழத்தவர்கள் உணர்ந்தார்கள். என். செல்வராஜாவின் 'நூல்தேட்டம்' ஈழத்து நூல்களை எந்தத் துறையையும் ஒதுக்காமல் குறிப்புரையோடு ஆயிரம் ஆயிரமாகத் தொகுத்துக்கொண்டு போகிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. எத்தனையோ நூலகச் சுவர்களில் அது தொங்குகிறது. நாவலுக்கு மட்டும் என்று அவர் சொல்லவில்லை.

தரம் பார்க்க வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தரம் பார்ப்பது விமர்சகரின் உரிமை. ஆனால் பார்க்காத நூலுக்குத் தரம் சொல்ல முடியாது. முதலில் பட்டியல், அடுத்து விவரம், அதற்குப் பின் தீர்ப்பு. நாம் தீர்ப்பில் தொடங்கிவிட்டோம். அதனால்தான் புத்தகக் காட்சியில் நுழையும் வாசகர் ஏற்கெனவே கேள்விப்பட்ட பெயர்களைத் தேடியே நடக்கிறார்.

ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். 1867இன் சட்டம் இப்போது இல்லை. 2024 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. அந்தப் புதிய சட்டத்தில் புத்தகங்கள் இல்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் படி அனுப்பும் கடமை மட்டும் தொடர்கிறது. அரசு அஞ்சி எழுதிய பட்டியல் நின்றுவிட்டது. இனி எழுதினால் அன்பினால் எழுத வேண்டும்.

இந்த அவையிடம் நான் கேட்பது ஒன்றே. கலைந்து போகும் முன் ஒரு குழுவை அமையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வந்த நூல்கள் எல்லாவற்றுக்கும், நன்னூலின் எட்டோடு பக்கமும் விலையும் படிகளின் எண்ணிக்கையும் சேர்த்து, நூலாசிரியரை அறியாத ஒருவர் நாலு வரி எழுதட்டும். முதல் காலாண்டுக்கான சமையல் நூல்களையும் வைத்திய நூல்களையும் நான் எடுத்துக்கொள்கிறேன். மற்றத் துறைகளுக்கு இன்று மாலைக்குள் பெயர் கொடுங்கள்.

கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.