கையெழுத்துப் போடும் முன்



ஆரியசாலைக்கு வந்திருக்கும் உங்களில் பலர் 60 வயதைக் கடந்தவர்கள். ஊரில் நிலமோ வீடோ வைத்திருப்பீர்கள். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, மருந்துக்கும் பிள்ளையிடம் கையேந்தும் முதியவர்கள் கிராமங்களில் இருக்கிறார்கள்.

2007-இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. வருமானம் இல்லாத பெற்றோருக்கு உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் தருவது பிள்ளைகளின் கடமை. தராவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் இல்லாமலே கொடுக்கலாம்.

சொத்தை எழுதிக் கொடுக்கும்போது, "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையையும் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளை கவனிக்காவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். "பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா?" என்று தயங்காதீர்கள். அது உங்கள் மானத்துக்குக் காவல்.

எழுத்துக் கூட்டியாவது பத்திரத்தைப் படியுங்கள். அந்த வரி இருந்தால் கையெழுத்துப் போடுங்கள்.