கல்லும் பாடம் சொல்லும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பிள்ளை சட்டைப் பையில் கல்லோடு வந்தால், "இந்தக் குப்பையை எதுக்குடா கொண்டாந்தே?" என்று வீசி எறிகிறோம். பெற்றோர்களே, கொஞ்சம் பொறுங்கள். "எங்கேடா எடுத்தே?" என்று கேளுங்கள். கேட்க ஆளிருந்தால்தான் தேட ஆசை வரும்.

கல்லை அறிய வழி சுலபம். பெரியவர்கள் கத்தி முனையால் கீறிப் பாருங்கள். கீறல் விழுந்து, அந்தப் பொடியில் ஒரு சொட்டுக் காடி விட்டதும் நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல். பத்துமலையும் ஈப்போக் குன்றுகளும் இதுதான். கத்திக்கு மசியாமல் கண்ணாடியையே கீறும் வெள்ளைக்கல் வெங்கச்சங்கல். 1812இல் மோஸ் என்பவர் வகுத்த கடினத் தரத்தில் நகம் ஏறக்குறைய 2½, சுண்ணாம்புக்கல் 3, வெங்கச்சங்கல் 7. சிறிதாயிருந்தும் கை கனக்கும் கருங்கல்துண்டு ஈயத்தாதுவாக இருக்கலாம். அது தண்ணீரைப்போல் சுமார் 7 மடங்கு கனம். கிந்தா லம்பங்களில் தோண்டியது அதைத்தான்.

கல்லில் சிப்பி உருவம் தெரிந்தால் அது புதைபடிவம். ஒரு காலத்தில் உயிரோடிருந்த பிராணி. லங்காவியில் சுமார் 50 கோடி ஆண்டுப் பழைய பாறைகள் உண்டு. அங்கே உடைத்தெடுக்காதீர்கள், படம் வரைந்து வந்தால் போதும்.

மாணவர்களே! எடுத்த இடம், தேதி இரண்டையும் சீட்டில் எழுதி வையுங்கள். சீட்டில்லாத கல் ஊர்பேர் தெரியாத கல். பழைய ஈயக்குட்டை, குவாரி, மலையடிவாரம் பக்கம் தனியே போகவே கூடாது. உயிரைவிடக் கல் பெரிதல்ல.

தோட்டத்துப் பிள்ளைக்கு அறிவியல் எதற்கு என்பார் உண்டு. அறிவியல் நம் காலடியிலேயே கிடக்கிறது. குனிந்து எடுக்கப் பழக்குவோம்.