வாஞ்சூர் எல்லையும் நோயின் கணக்கும்



அண்ணலின் நினைவுநாளில் நோயின் செலவைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், இலக்கிய மேடையில் ஆஸ்பத்திரிக் கணக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்டார்கள். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதா வந்தபோது அண்ணல் பேசியதும் ஒரு கணக்குத்தான். ஆலையில் உழைக்கும் பெண் பிள்ளை பெறும் காலத்தின் செலவை யார் ஏற்பது? பெண்களை வேலைக்கு வைத்து லாபம் பார்க்கும் முதலாளி ஏற்கட்டும், தாயின் நலம் நாட்டின் நலம் என்பதால் அரசும் பங்கு ஏற்கட்டும் என்றார். வலி ஒருத்தியுடையது. செலவு அவளுடையது மட்டுமில்லை. அடுத்த ஆண்டு அது சட்டமானது.

இந்தக் கேள்வியை நம் கீழவாஞ்சூருக்குக் கொண்டுவருவோம்.

நாகூரைத் தாண்டி வடக்கே வந்தால் செக்போஸ்ட். 1954இல் பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், அவன் போட்ட எல்லை போகவில்லை. இந்தப் பக்கம் கலால் வரி குறைவு, சரக்கு மலிவு. சாராயக்கடைக்கும் கள்ளுக்கடைக்கும்கூட இங்கே உரிமம் உண்டு. மாலையானால் அந்தப் பக்கத்திலிருந்து கூலி வேலை முடித்த ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் கொடுக்கும் காசின் வரி புதுச்சேரிக் கஜானாவுக்குப் போகிறது. பத்து வருடம் கழித்து வயிறு வீங்கிக் கண் மஞ்சளானால் அதே ஆள் படுப்பது நாகப்பட்டினத்திலோ தஞ்சாவூர் மெடிக்கலிலோ. வரவு ஓர் அரசின் பேரேட்டில், செலவு இன்னோர் அரசின் பேரேட்டில். பெரும்பகுதிச் செலவு எந்தப் பேரேட்டிலும் இல்லை.

நம் தெருக்காரர்களுக்கு வேறு சிக்கல். நம்மிடம் இருப்பது புதுச்சேரி ரேஷன் கார்டு. கூப்பிடு தூரத்தில் நாகப்பட்டினம் இருந்தாலும் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு நமக்கில்லை. பெரிய வைத்தியத்துக்குப் புதுச்சேரி ஜிப்மர் என்றால் நூறு கிலோமீட்டருக்கும் மேல்.

புதுச்சேரியை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 2023–24இல் டாஸ்மாக் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது சுமார் 45,855 கோடி ரூபாய். அதே ஆண்டு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 18,661 கோடி. கர்நாடகத்தில் மதுவால் ஏற்படும் இழப்பு கலால் வருவாயைவிடக் கூடுதல் என்று பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்படி ஒரு கணக்கைத் தானாக முன்வந்து போட எந்த அரசுக்கும் மனம் வராது.

சரி, கணக்கை எப்படிப் போடுவது? 1966இல் அமெரிக்காவில் டோரதி ரைஸ் என்ற பொருளியலாளர் ஒரு வழி வகுத்தார். மருந்து, மருத்துவர், படுக்கை ஆகியவை நேரடிச் செலவு. நோயாலும் சாவாலும் இழந்த உழைப்பு மறைமுகச் செலவு. அந்த உழைப்பைச் சம்பளத்தால் அளப்பார்கள். இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நூறுநாள் வேலைக்கு 2024–25இல் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் கூலி 319 ரூபாய். முப்பது நாள் படுத்தால் இழப்பு 9,570 ரூபாய். மாதம் 60,000 வாங்குகிறவர் அதே நோயில் அதே முப்பது நாள் படுத்தால் இழப்பு 60,000. கல்லீரல் ஒன்றுதான், விலைதான் வேறு. கூலியைச் சாதி குறைத்தது. குறைந்த கூலி நம் நோயின் மதிப்பைக் குறைக்கிறது. மதிப்பு குறைந்த நோய்க்கு நிதியும் குறைகிறது. வீட்டுப் பெண்ணின் உழைப்பையும் ரைஸ் விட்டுவிடவில்லை, வீட்டு வேலைக்காரப் பெண்ணின் கூலியால் அளந்தார். அந்த வேலைக்காரப் பெண் நம் அக்காவாகத்தான் இருப்பாள் என்பது வேறு விஷயம்.

ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கைப்படி இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது 39.5, உயர்சாதிப் பெண்களுக்கு 54.1. இடையில் காணாமல்போன 14.6 வருடங்களை எந்த ரூபாயில் எழுதுவது?

சமூகக் கணக்கு என்பது ஆஸ்பத்திரிச் சீட்டோடு முடிவதில்லை. நாங்கள் வீடுகளில் உட்கார்ந்து கேட்டபோது முதலில் எல்லோரும் சொன்னது, “ஜி.எச்.தானே, செலவு ஒண்ணுமில்ல.” கொஞ்சம் பேசவிட்டால் ஒவ்வொன்றாக வரும். பஸ் காசு. வெளியே எழுதிக்கொடுத்த ஸ்கேன். கூட இருந்தவருக்கு இட்லி. அடகுக்குப் போன தோடு. வாராவாரம் கட்ட வேண்டிய குழு லோன், அது நோயைப் பார்த்து நிற்பதில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததால் தம்பிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற மகள், அவள் விட்ட பரீட்சை. கடைசியில் சொன்ன ஒன்று எங்கள் நோட்டில் எழுதத் தெரியாமல் நின்றது: “குடிகாரன் பொண்டாட்டின்னு நர்ஸு பேசுன பேச்சு.” குடியை நம் சேரியின் குணமாகப் பேசுவது இந்தச் சமூகத்துக்கு மிக வசதி. கடையை யார் திறந்தது, லாபம் யாருக்கு என்ற கேள்வி அந்த ஒரு வசவில் மறைந்துபோகிறது. கள்ளிறக்கிய காலத்துக்குத் திரும்பலாம், முழு மதுவிலக்கு வேண்டும் என்ற வாதங்களுக்குள் இன்று போகவில்லை. அதற்குத் தனிக் கூட்டம் போடலாம்.

லாபத்தை எடுத்துக்கொண்டு செலவை அடுத்தவன் தலையில் கட்டுவது தொழில்முறையின் விபத்தல்ல, அதன் இயல்பே என்று கே. வில்லியம் காப் 1950இல் ஒரு புத்தகமே எழுதினார். யார் தலையில் என்பதை நம் நாட்டில் சாதி முடிவு செய்கிறது என்று நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் நம் கூலி ஜனங்கள். அரசு குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுத்தது. கொடுத்தது சரி. ஆனால் ஒரே இரவில் சாகாமல், உரிமம் பெற்ற கடையில் குடித்துப் பத்து வருடத்தில் செத்தவனின் மனைவிக்கு விதவைப் பென்ஷன் விண்ணப்பம்தான்.

எனவே ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். செக்போஸ்டின் இரண்டு பக்கமும் வீடு வீடாக, ஒரு வருடத்துக்கு, நோய்க்குப் போன பணத்தையும் நாளையும் எழுதுவது. நாளை ரூபாயாக மாற்ற மாட்டோம், நாளாகவே எழுதுவோம். யார் படுத்தார், யார் பார்த்துக்கொண்டார், யார் படிப்பை விட்டார் என்று தனித்தனிப் பத்தி. மாணவத் தோழர்கள் தெருவுக்கு இருவர் வேண்டும், ஒருவராவது பெண்ணாக இருந்தால்தான் வீட்டுக்குள் பேச்சு நடக்கும். நோட்டுகள் வாசல் மேசையில் இருக்கின்றன. போகும்போது பெயரும் தெருவும் எழுதிவிட்டு ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.