மறைத்து வைக்கப்படும் நம் பிள்ளைகள்

(இளைஞர்கள், வணிகர்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



குறைஷித் தலைவர்களிடம் பேசிக் கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள், இடையில் வந்த பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைக் கண்டு முகம் சுளித்தபோது, அல்லாஹ் அதைக் கண்டித்தான். திருக்குர்ஆனின் 80ஆவது அத்தியாயம் அந்தச் சம்பவத்தில்தான் தொடங்குகிறது. அந்தத் தோழரே பின்னர் மதீனாவில் பாங்கு சொன்னார். நபியவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையும் ஏற்றார்.

மேடைதோறும் இதைச் சொல்லும் நாம் வீட்டில் என்ன செய்கிறோம்? பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாத பிள்ளை, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக் கொண்டு அலறும் பிள்ளை இருந்தால், விருந்தாளி வரும்போது உள்ளறையில் அடைக்கிறோம். ஜின் பிடித்தது என்று தாயத்துக்கு அலைகிறோம். பெற்ற தாயைப் பழிக்கிறோம்.

சகோதரர்களே! இது ஜின்னும் அல்ல, தாயின் வளர்ப்புக் குறையும் அல்ல. ஆட்டிசம் எனும் மூளை வளர்ச்சி வேறுபாடு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீக்கு இரையானார்களே, மறந்து விட்டோமா? ஆட்டிசம் மனநோய் அல்ல. ஆனால் மருத்துவரை விட்டு மந்திரத்தை நம்பும் அறியாமை இரண்டுக்கும் ஒன்றுதான்.

இன்னொரு பிள்ளை. கடையில் மனக்கணக்கில் புலி. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் குழம்பும். அவன் சோம்பேறி அல்ல. அது டிஸ்லெக்ஸியா எனும் கற்றல் குறைபாடு. உஸ்தாதுமார்களே! பிரம்பு அதைக் குணப்படுத்தாது. ஒவ்வோர் எழுத்தாக, ஒலியைச் சொல்லி, மணலில் விரலால் எழுத வையுங்கள். ஆட்டிசப் பிள்ளைக்குச் சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசுங்கள். படம் காட்டிப் புரிய வையுங்கள். உண்பதும் உறங்குவதும் தினமும் ஒரே ஒழுங்கில் இருக்கட்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இவ்விரண்டையும் ஏற்றுள்ளது. 40 சதவீதக் குறைபாடு எனச் சான்று பெற்றால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமையுண்டு. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும். பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத உதவியாளரும் கேட்கலாம். இது பிச்சையல்ல, உரிமை!

இளைஞர்களே! ஜமாஅத்துக்கு இருவர் முன்வாருங்கள். வெட்கப்பட்டு முடங்கிய பெற்றோரை மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று சான்றும் அடையாள அட்டையும் பெற்றுக் கொடுங்கள். வணிகர்களே! ஏழைப் பிள்ளையின் பயிற்சிக்கு உங்கள் ஜகாத் சேரட்டும். வளர்ந்த பிள்ளைக்கு உங்கள் கடையில் ஒரு வேலை கொடுங்கள்.

அந்தப் பிள்ளைகள் அமானிதம். அமானிதத்தைப் பற்றி நாளை மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம்.