பூனைக்காலியும் குடல் நுண்ணுயிரும்

மலையூரான ஹுன்னஸ்கிரியவில் பனி இன்னும் விலகியிருக்காது. தேத்தண்ணீர்க் கோப்பையோடு கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்தக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிற பெரியவர் சில வீடுகளில் இருப்பார். அவருக்காகத்தான் இன்றைய தகவல்.

அந்த நடுக்கத்துக்குப் பார்க்கின்சன் நோய் காரணமாக இருக்கலாம். இந்நோயில் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைகிறது. அதை ஈடுசெய்யக் கொடுக்கும் மருந்து லெவோடோபா. சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்குமே பூனைக்காலி, அதன் விதையிலும் இதே பொருள் இருக்கிறது. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். இந்நோய்க்கு அது மருந்தாக ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பிடித்தது.

ஆனால், விழுங்கிய மருந்து மூளைக்குப் போகுமுன் குடலைக் கடக்க வேண்டுமே! என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற குடல் பாக்டீரியா லெவோடோபாவின் ஒரு பகுதியை வழியிலேயே டோபமினாக மாற்றிவிடுகிறது. 2019இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். குடலில் உருவான டோபமினால் மூளையின் காவல் சுவரைத் தாண்ட முடியாது. ஒரே மாத்திரை ஒருவருக்குக் கேட்டு இன்னொருவருக்குக் கேட்காமல் போக இதுவும் ஒரு காரணமாகலாம்.

குடலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே இந்நோயாளிகள் பலருக்கு மலச்சிக்கல் வந்துவிடுகிறது. மலச்சிக்கல் உள்ள எல்லோருக்கும் இந்நோய் வராது, பயப்படாதீர்கள். ஆனாலும் கை நடுங்கும் பெரியவர் வயிற்றைப் பற்றி முறையிட்டால், வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பூனைக்காலி விதையை நீங்களாக அரைத்துக் கொடுக்க வேண்டாம். மாத்திரையோடு சேர்ந்தால் லெவோடோபாவின் அளவு மிஞ்சிவிடலாம்.